காரு ஹீட்டரும் தங்கமணியின் புகாரும்

நவம்பர் பொறந்துட்டா எனக்கு ஒரு போன் கட்டாயம் வரும். தீபாவளி வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடுறாங்கன்னு நீங்க நினைச்சா, நீங்க ரொம்ப நல்லவரு.

"அண்ணே, வண்டில ஹீட்டரைப் போட்டா ஜில்லுன்னு காத்து வருது. என்ன பார்ட் மாத்தணும்?"

அம்புட்டுதான். நலம் விசாரிப்பு கூட கிடையாது. இந்த மின்னசோட்டா மாநிலத்துல நான் குப்பை கொட்ட ஆரம்பிச்சு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊர்ல இருந்து புதுசா வர்ற பசங்களுக்கு ஜாக்கெட் எங்க வாங்குறது, இட்லி அரிசி எங்க கிடைக்கும், வீட்டுக்கார கிழவர்கிட்ட டெபாசிட்டை எப்படித் திருப்பி வாங்குறது, இதுக்கெல்லாம் நான்தான் ஆலோசகர். சம்பளம் கிடையாது, எப்பவாவது ஒரு டப்பா மைசூர்பாகு வரும். அந்த ஆலோசகர் பதவியில உக்காந்துக்கிட்டு நான் இன்னிக்குச் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான் மக்களே.

"என்ன பார்ட் மாத்தணும்?"ங்கிற கேள்வியே தப்பு. "எப்ப குளிருது?"ங்கிறதுதான் கேள்வி. அதுக்குப் பதில் பார்ட்ஸ் கடையிலயும் இல்லை, இன்டர்நெட்லயும் இல்லை. அந்த வண்டியில தினமும் உக்காந்து போறவங்க வாயில இருக்கு. அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டா பாதி வேலை முடிஞ்சுது.

இதை எனக்கு யாரும் புத்தகத்துல சொல்லிக் கொடுக்கலை. ஒரு காரைத் தொலைச்சுத்தான் கத்துக்கிட்டேன். கார் போனதைக் கூட விடுங்க. அன்னிக்கு ராத்திரியை நினைச்சா இப்பவும் வயித்துல என்னமோ பண்ணும். கொசுவத்தியைச் சுத்துறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

2007 பிப்ரவரி. பாப்பாவுக்கு அப்ப 8 மாசம். எங்ககிட்ட இருந்தது பத்து வயசான ஒரு ஜப்பான்காரன் வண்டி. ரெண்டு பேர் ஓட்டித் தேய்ச்சதை மூணாவதா நான் வாங்கினேன், 1,40,000 மைல் ஓடியிருந்தது. எனக்கு ஆபீசுக்கு நண்பரோட வண்டியில சவாரி. அதனால எங்க காரை ஓட்டினதெல்லாம் தங்கமணிதான். பாப்பாவை டேகேர்ல விடுறது, தானும் வேலைக்குப் போறது, சாயங்காலம் கூட்டிட்டு வர்றது எல்லாம் அதுலதான்.

ஜனவரி கடைசியில தங்கமணி முதல் புகாரைக் கொடுத்தாங்க. "என்னங்க, ஹைவேல போனா ஹீட்டர் சூடா வருது. சிக்னல்ல நின்னா ஜில்லுன்னு ஆயிடுது. மறுபடி கிளம்பினா சூடு வருது."

நான் சொன்னது: "ஊர்ல மார்கழி மாசம் வாய் கொப்பளிக்கவே வெந்நீர் கேக்குற ஆளு நீ. ஜாக்கெட்டை நல்லா இழுத்துப் போட்டுக்கோ."

நாலு நாள் கழிச்சு ரெண்டாவது புகார். "காலையில ஸ்டார்ட் பண்ணா டேஷ்போர்டுக்குப் பின்னாடி சளசளன்னு ஒரு சத்தம் கேக்குதுங்க. மாடி டாங்க்ல தண்ணி ஏறுற மாதிரி."

நான் சொன்னது: "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்."

மூணாவது புகார். "வண்டியை நிறுத்திட்டு இறங்கினா பானெட் பக்கத்துல பாகு காய்ச்சுற மாதிரி ஒரு வாசம் அடிக்குது."

இதுக்கு நான் சிரிச்சேன். "அதிரசம் சாப்பிடணும் போல இருந்தா நேரா சொல்லிடு"ன்னு நக்கல் வேற.

பொழைப்புக்கு நான் பண்றது என்ன தெரியுமா? பொட்டி தட்டுறது. அதுலயும் கஸ்டமர் தர்ற பிழை அறிக்கையைப் படிச்சு, எந்தச் சூழ்நிலையில வருது, எத்தனை தடவைக்கு ஒருதரம் வருதுன்னு கேட்டுக் கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்கிறது. முகம் தெரியாத ஒரு கஸ்டமர் ஒரு வரி எழுதினா மூணு மணி நேரம் உக்காந்து யோசிப்பேன். கூடவே குடும்பம் நடத்துறவங்க மூணு துல்லியமான தகவலைக் கையில கொடுத்தாங்க. மூணையும் படிக்காமலே குப்பையில போட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, நானும் கொஞ்சம் "விசாரிச்சேன்". ஆபீஸ் நண்பர் ஒருத்தர், அவரும் நம்மளை மாதிரி அரைகுறைதான், "தெர்மோஸ்டாட்டா இருக்கும்"னார். ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். அது பெட்டியைப் பிரிக்காமலே சாப்பாட்டு மேஜை மேல ஒரு வாரம் கிடந்தது. அப்புறம் ஒரு ஒர்க்ஷாப்புக்கு போன் பண்ணேன். போன்லயே தீர்ப்பு சொல்லிட்டாங்க: ஹீட்டர் கோர் அடைச்சிருக்கும், டேஷ்போர்டைக் கழட்டணும், 900 டாலர் ஆகும். வண்டியோட விலையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மார்ச்ல போனஸ் வரும், அப்பப் பாத்துக்கலாம்னு முடிவு பண்ணேன்.

கவனிச்சீங்களா? மூணு ஆம்பளைங்க, மூணு தீர்ப்பு. ஒருத்தர் கூட பானெட்டைத் திறக்கலை.

பிப்ரவரி முதல் வாரம். வெளியில மைனஸ் 20 செல்சியசுக்கும் கீழ. சாயங்காலம் அஞ்சரைக்கே இருட்ட ஆரம்பிச்சுடுச்சு. 494-ம் நம்பர் ஹைவேல வண்டிங்க நத்தை மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருக்கு. தங்கமணி வண்டியில ஹீட்டர் மொத்தமா குளிர்ந்து போச்சு. கொஞ்ச நேரத்துல வெப்பமானி முள்ளு விறுவிறுன்னு சிவப்புக் கோட்டுக்கு ஏறி, பானெட் இடுக்குல இருந்து ஆவி. ஓரமா ஒதுக்கி நிறுத்தி எனக்கு போன் பண்ணியிருக்காங்க. நான் டேமேஜரோட மீட்டிங்ல இருக்கேன், போன் சைலண்ட்ல. நாலு மிஸ்டு கால்.

இன்ஜினை நிறுத்தின காருக்குள்ள மைனஸ் 20 எவ்வளவு சீக்கிரம் நுழையும்னு குளிர் நாட்டுல இருக்கவங்களுக்குத் தெரியும். பாப்பாவைத் தன்னோட கோட்டுக்குள்ள வச்சு பட்டனைப் போட்டுக்கிட்டு 25 நிமிஷம் உக்காந்திருந்திருக்காங்க. ரோந்து வண்டி ஒண்ணு வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கிச்சு. நான் போய்ச் சேர்ந்தப்ப பாப்பாவோட கன்னம் செவந்து போய், கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. வேற ஒண்ணும் ஆகலை. ஆகாம இருந்தது என் சாமர்த்தியம் இல்லை.

தங்கமணி திட்டவே இல்லை. "மூணு தடவை சொன்னேங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

மறுநாள் வண்டியை இழுத்துட்டுப் போய்விட்ட இடத்துல ஒரு வயசான மெக்கானிக். அவர் எங்களைக் கேட்ட முதல் கேள்வி, "எப்பெல்லாம் குளிரும்?" நான் முழிச்சேன். தங்கமணி மூணையும் வரிசையா சொன்னாங்க. அவர் ரெண்டாவது கேள்வியே கேக்கலை. டார்ச் லைட்டை எடுத்துட்டுப் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாத்தார். உள்ள கூலண்ட்டே கண்ணுக்குத் தெரியலை. வாட்டர் பம்ப்ல சொட்டுச் சொட்டா கசிஞ்சு வாரக்கணக்குல காலியாகியிருக்கு. கடைசியில இன்ஜின் கொதிச்சதுல ஹெட் கேஸ்கட் போய், அலுமினிய ஹெட்டும் வளைஞ்சு போச்சு. ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டுது. காயலாங்கடைக்குத் தள்ளிவிட்டோம்.

கொசுவத்தி அணைச்சாச்சு. இப்ப விஷயத்துக்கு வருவோம். தங்கமணி சொன்ன மூணும் ஏன் அவ்வளவு துல்லியம்னு புரியணும்னா ஹீட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். ரொம்பச் சின்ன விஷயம்தான்.

பெட்ரோல் காருக்குள்ள ஹீட்டர்னு தனியா ஒரு அடுப்பு கிடையாது. எரியுற பெட்ரோல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்த உதவுது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியா வெளிய போகுது. மிச்சம் இன்ஜினைச் சூடாக்குது. அந்தச் சூட்டை வாங்கிக்கிட்டுப் போக இன்ஜினைச் சுத்தி கூலண்ட் ஓடுது. அதை ஓட வைக்கிறது வாட்டர் பம்ப். தெர்மோஸ்டாட்ங்கிறது வாசல் காவல்காரன் மாதிரி. இன்ஜின் சூடேறுற வரைக்கும் கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடமாட்டான். 80, 90 டிகிரி வாக்குல வந்ததும் கதவைத் திறப்பான். டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு, அதுதான் ஹீட்டர் கோர். சூடான கூலண்ட் அதுக்குள்ள ஓடும், ஒரு ஃபேன் அது மேல காத்தை ஊதும், அந்தக் காத்துதான் நம்ம மூஞ்சிக்கு வருது. 1938-லயே அமெரிக்காவுல நாஷ் கம்பெனிக்காரங்க வெளிக்காத்தை உள்ள இழுத்து, வடிகட்டி, கூலண்ட் சூட்டுல சூடுபண்ணி அனுப்புற ஹீட்டரை விற்க ஆரம்பிச்சுட்டாங்க. அடிப்படை இன்னிவரைக்கும் மாறலை.

ஆக, ஹீட்டர்ல வர்ற காத்து இன்ஜினோட மூச்சுக்காத்து. அது குளிர்ந்தா பல நேரம் இன்ஜினுக்குள்ள ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்.

கூலண்ட் குறைஞ்சா அந்த இடத்தைக் காத்து பிடிச்சுக்கும். பல வண்டியில ஹீட்டர் கோர் மேடான இடத்துல இருக்கும், அதனால காத்து முதல்ல அங்கதான் போய் உக்காரும். வேகமாப் போகும்போது பம்ப் வேகமாச் சுத்தி எப்படியோ கூலண்ட்டை அதுக்குள்ள தள்ளிடும், சூடு வரும். சிக்னல்ல நின்னா பம்ப் மெதுவாயிடும், சூடு நின்னு போகும். இதுதான் முதல் புகார். அந்தக் காத்துக் குமிழ் உருளுற சத்தம்தான் சளசள. இது ரெண்டாவது. கூலண்ட்டுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் சூடான இன்ஜின் மேல கசிஞ்சா வர்ற இனிப்பு வாசம்தான் அதிரசப் பாகு. இது மூணாவது. ஒரு மெக்கானிக்குக்கு இதைவிடத் தெளிவா யாரும் சொல்லிட முடியாது.

இன்னொண்ணு. "முள்ளு நடுவுலதானே இருந்தது, அப்புறம் எப்படி?"ன்னு அப்ப நானும் கேட்டேன். வெப்பத்தை அளக்குற சென்சார் கூலண்ட்ல முங்கி இருந்தாத்தான் சரியாச் சொல்லும். சுத்தியும் வெறும் காத்துன்னா அது சொல்றதை நம்ப முடியாது. அதனால முள்ளைவிட ஹீட்டர் முந்திக்கிட்டு எச்சரிக்கும்.

நம்ம ஊர் ஆளுங்க ஹீட்டரை ஏன் லேசா எடுத்துக்கிறோம்னு யோசிச்சிருக்கேன். நாம வளர்ந்த இடத்துல கார்னா சூட்டோடதான் சண்டை. சின்ன வயசுல பெரியப்பாவோட அம்பாஸடர்ல வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் மலை ஏறினோம். பாதி வழியில ரேடியேட்டர் கொதிச்சு, ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, ஈரச்சாக்கைப் போட்டு, அரைமணி நேரம் கொய்யாப்பழம் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தோம். நான் கிட்டப் போனேன். "மூடியில கை வைக்காதடா, வெந்துருவே"ன்னு பெரியப்பா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்த வண்டியில ஹீட்டர் இருந்ததா, இல்லையான்னு கூட யாரும் கவனிச்சதில்லை. அந்தப் பழக்கத்துல இங்க வந்தும் ஹீட்டர்னா சீட்டுல மசாஜ் வர்ற மாதிரி ஒரு சொகுசுன்னு நினைச்சுக்கிறோம்.

அமெரிக்கச் சட்டம் அப்படி நினைக்கலை. வண்டிகளுக்கான பாதுகாப்பு விதிகள்ல 103-ம் எண் விதி, முன்கண்ணாடியில படியுற பனியையும் ஆவியையும் நீக்குற வசதி கட்டாயம்னு சொல்லுது. அந்த வசதிக்குச் சூடு எங்கிருந்து வருது? இதே ஹீட்டர்ல இருந்துதான். ஹீட்டர் இல்லாத குளிர்காலத்துல நீங்க விடுற மூச்சே கண்ணாடியில உள்பக்கமா உறைஞ்சு போகும். 2019 ஜனவரி 30-ம் தேதி காலையில மினியாபொலிஸ்ல மைனஸ் 33 செல்சியஸ். அன்னிக்கு ஹீட்டர் இல்லாத வண்டியை எடுக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுற மாதிரி.

சரி, ஹீட்டர்ல குளிர்காத்து வந்தா என்ன செய்யணும்? போன்ல கேக்குறவங்களுக்கு நான் திருப்பிக் கேக்குற கேள்விகள் இதுதான். பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க.

1. கூலண்ட் அளவு என்ன? ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, காலையில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க. பிளாஸ்டிக் தொட்டியில கீழ ஒரு கோடு, மேல ஒரு கோடு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். ரெண்டு நிமிஷ வேலை, காசு கிடையாது. குறைஞ்சிருந்தா ஊத்தறதோட விடாதீங்க, எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கணும். மூடின சுற்று அது, சும்மா குறையாது.

2. முள்ளு நடுவுக்கு வருதா? அரைமணி ஓட்டியும் முள்ளு கீழயே கிடந்து, ஹைவேல போகப் போக இன்னும் குளிர்ந்தா, கூலண்ட்டும் சரியா இருந்தா, அப்பதான் தெர்மோஸ்டாட் மேல சந்தேகம். காவல்காரன் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறான். தங்கமணி சொன்னதுக்கு இது நேர் எதிர், பாருங்க. ஹைவேல சூடு, சிக்னல்ல குளிர்னா ஒரு வியாதி. ஹைவேல குளிர், நின்னா கொஞ்சம் சூடுன்னா வேற வியாதி. "ஹீட்டர் வேலை செய்யலை"ன்னு மொட்டையா சொன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

3. ஹீட்டருக்குப் போற ரெண்டு குழாயும் சூடா இருக்கா? இன்ஜினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல இருக்கிற தடுப்புச் சுவர்ல ரெண்டு ரப்பர் குழாய் உள்ள போகும். இன்ஜின் சூடானதும் அணைச்சுட்டு, கையுறை போட்டுக்கிட்டு லேசாத் தொட்டுப் பாருங்க. ரெண்டும் சூடுன்னா கூலண்ட் பக்கம் பழுதில்லை, காத்துப் பக்கம்தான் கோளாறு. ஒண்ணு சூடு, ஒண்ணு குளிர்னா ஹீட்டர் கோர் அடைச்சிருக்கலாம், இல்லை அதுக்கு முன்னாடி வால்வு இருக்கிற வண்டியில அந்த வால்வு திறக்காம இருக்கலாம். ரெண்டும் குளிர்னா சூடான கூலண்ட் அங்க வந்து சேரவே இல்லை, மறுபடி முதல் கேள்விக்குப் போங்க.

4. ரெண்டு பக்கமும் குளிருதா, ஒரு பக்கம் மட்டுமா? டேஷ்போர்டுக்குள்ள சூடான காத்தையும் குளிர்ந்த காத்தையும் கலக்குற ஒரு பலகை இருக்கு. அதைத் திருப்புறது குட்டி மோட்டார் ஒண்ணு. அதோட பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சா டிக் டிக்னு சத்தம் வரும், காத்து ஒரே பக்கம் குளிரும்.

5. காத்தே வரலையா? அப்ப அது சூட்டுப் பிரச்சினையே இல்லை. ஃபியூஸ், ஃபேன் மோட்டார், ரெசிஸ்டர் மூணுல ஒண்ணு. அதிக வேகத்துல மட்டும் ஃபேன் சுத்துதுன்னா பழைய வண்டிங்கள்ல பெரும்பாலும் ரெசிஸ்டர்தான்.

6. காலடியில கார்ப்பெட் ஈரமா இருக்கா? கண்ணாடியில பிசுபிசுன்னு ஆவி படியுதா? உள்ள இனிப்பு வாசம் அடிக்குதா? அப்பதான் ஹீட்டர் கோர் ஓட்டை. அந்த 900 டாலர் தீர்ப்பைச் சொல்றதுக்கு முன்னாடி இதுல ஒண்ணாவது கேட்டிருக்கணும். எங்க வண்டியில இதுல ஒண்ணுமே இல்லை.

இதுக்கு நண்பர்கள் ரெண்டு எதிர்வாதம் வைப்பாங்க.

முதலாவது, "இதெல்லாம் மெக்கானிக் வேலை. காசு கொடுத்தா அவன் பாத்துப்பான்." காசு கொடுங்க, வேண்டாம்னு சொல்லலை. வாட்டர் பம்ப்பை நானும் என் கையால மாத்தமாட்டேன். ஆனா டாக்டர்கிட்டப் போனா எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு நாமதானே சொல்றோம்? "உடம்பு சரியில்லை, நீங்களே பாத்துக்கோங்க"ன்னு படுத்துட்டா அவர் எல்லா டெஸ்ட்டும் எழுதித்தான் தருவார். பில்லு நம்ம தலையில. நல்ல மெக்கானிக்கு நல்ல தகவல் கொடுத்தா வேலை சீக்கிரம் முடியும். மோசமானவரா இருந்தா, விவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட 900 டாலர் கதை விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பார்.

ரெண்டாவது, "இனிமே எல்லாம் எலெக்ட்ரிக் கார்தானே, இந்தப் புராணம் எதுக்கு?" நியாயமான கேள்வி. எலெக்ட்ரிக் வண்டியில வீணாப் போற இன்ஜின் சூடு கிடையாது. சூட்டை பேட்டரியில இருந்துதான் உண்டாக்கணும். அதனாலதான் குளிர்காலத்துல ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரம் குறையுது. 2020-ல வந்த டெஸ்லா மாடல் ஒய் மாதிரி வண்டிங்கள்ல ஹீட் பம்ப் வச்சு அந்தச் செலவைக் குறைக்கிறாங்க. பார்ட் பேரெல்லாம் மாறிப் போச்சு, சரிதான். ஆனா அதுலயும் குளிர்காத்து வந்தா "எப்ப, எந்த நிலைமையில?"ங்கிற கேள்வி மாறப் போறதில்லை. அதுவுமில்லாம, நம்ம பசங்க முதல்ல வாங்குறது பத்து வருஷப் பழைய பெட்ரோல் வண்டிதான். நம்ம பர்ஸ் நமக்குத் தெரியாதா?

அன்னிக்குத் தங்கமணி கோட்டுக்குள்ள இருந்த பாப்பா இப்ப காலேஜ் படிக்கிறா. துலூத்ல, லேக் சுப்பீரியர் ஏரிக்கரையில. குளிருக்குக் கேக்கவா வேணும். நாங்க ஓட்டிட்டுக் கொடுத்த 2012 மாடல் வண்டிதான் அவகிட்ட. போன ஜனவரியில ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு போன்.

"அப்பா, ஹீட்டர்ல குளிர்காத்து வருது."

எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. "எங்கம்மா இருக்கே? வண்டியிலயா?"

"இல்லப்பா, ரூம்லதான். டிரைவர் பக்கம் மட்டும்தான் குளிருது. அந்தப் பக்கம் நல்லா சூடா வருது."

"முள்ளு?"

"நடுவுலதான் இருக்கு."

"கூலண்ட்டு?"

"காலையிலயே பாத்துட்டேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கு. ஸ்டார்ட் பண்ணா டேஷ்போர்டுக்குப் பின்னாடி டிக் டிக்னு சத்தம். அந்தக் கலக்குற பலகையோட மோட்டார்தானேப்பா? 35 டாலர்தான், ஆர்டர் பண்ணிட்டேன். நீங்க சரின்னு சொல்லிட்டா சனிக்கிழமை நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து மாத்திடுவோம்."

ஆலோசகருக்கு அன்னிக்கு வேலையே இல்லை. ஆயிரம் வாட்ஸ் பல்பு. "சரிம்மா"ன்னு சொல்லிட்டு வச்சேன்.

அடுக்களையில இருந்து தங்கமணி எட்டிப் பாத்தாங்க. "என்னவாம்?"

சொன்னேன்.

"முழுசாக் கேட்டீங்களா, இல்லை நடுவுல ஜாக்கெட் போட்டுக்கோன்னு சொல்லிட்டீங்களா?"

அவ்வ்வ்வ்வ்... 18 வருஷமாச்சுங்க. இன்னும் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன்.

டிஸ்கி 1: சூடான இன்ஜின்ல ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. அழுத்தத்துல இருக்கிறதால கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திருகின அந்த நொடியில மொத்தமும் கொதிச்சு மூஞ்சில அடிக்கும். பெரியப்பா சொன்னது சொன்னதுதான்.

டிஸ்கி 2: ஊர் ஞாபகத்துல குழாத்தண்ணியை ஊத்தி வைக்காதீங்க. உறைஞ்சா இன்ஜினே விரிசல் விடும். பாதி கூலண்ட், பாதி காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். "அப்ப முழுசும் கூலண்ட்டே ஊத்தினா இன்னும் தாங்குமே"ன்னு கணக்குப் போடாதீங்க. சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 வாக்குலயே உறைஞ்சுடும். எந்த வகை கூலண்ட்டுங்கிறதை நிறத்தைப் பாத்து முடிவு பண்ணாம வண்டியோட கையேட்டைப் பாத்து வாங்குங்க. கீழ சிந்தினா உடனே துடைச்சுடுங்க. இனிப்பா இருக்கும்னு நாய், பூனை நக்கும். அது விஷம்.

டிஸ்கி 3: ஹீட்டர் சரியாகுற வரைக்கும் சமாளிக்கலாம்னு காருக்குள்ள கேஸ் அடுப்பு, புரொப்பேன் ஹீட்டர் எதையும் பத்த வைக்காதீங்க. மூடின கராஜுக்குள்ள இன்ஜினை ஓட விட்டும் சூடு பண்ணாதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசம் காட்டாம ஆளை முடிச்சுடும். கம்பளி, தண்ணி, சார்ஜ் ஏத்தின போன் மூணும் வண்டியில இருக்கட்டும். அப்படியே, போன் பண்ற ஆளோட போன் சைலண்ட்ல இல்லாம இருக்கட்டும்.